புதுப்பிப்பு: ஹனோயில் சாலையைக் கடந்துவிட்டேன்
வியட்நாம் தலைநகர் ஹனோயில் இறங்கியதும் ஸ்கூட்டர் வெள்ளத்தைப் பார்த்து மிரண்டுபோய், சாலையை எப்படிக் கடப்பது என்று கேட்டு எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி. நீங்கள் சொன்ன வழி பலிக்கிறது: ஓடாமல், நிற்காமல், ஒரே வேகத்தில் நடந்தால் வண்டிகள் தாமாகவே விலகிப் போகின்றன. பேருந்திடம் மட்டும் இந்த வீரம் வேண்டாம்!

சனி, ஞாயிறுகளில் ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றி வண்டிகளுக்குத் தடை. தெரு முழுக்க நடப்பவர்களுக்குத்தான். ஏரித் தீவில் உள்ள ங்கோக் சோன் கோயிலில், 2016இல் இறந்த ராட்சத ஆமையைப் பதப்படுத்திக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நான் நெடுநேரம் நின்றது அங்கேதான்.

அப்புறம் முட்டைக் காபி. மஞ்சள் கருவை இனிப்போடு நுரைக்க அடித்து மேலே ஊற்றுகிறார்கள். முட்டை வாடை வருமா என்று கேட்டவர்களுக்கு: வரவில்லை. இனிப்புதான் எனக்குத் திகட்டிவிட்டது.

வியட்நாம் விடுதலைத் தலைவர் ஹோ சி மின் நினைவிடத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பிற்பகலில் உள்ளே விடமாட்டார்கள்.