சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவால் நகரத்துக்கு என்ன வரவு? எப்படிக் கணக்கிடுவது?

மந்தரம்:
நகர ஆர்கெஸ்ட்ராவுக்கு மானியம் கேட்டு அறிக்கை எழுதுகிறோம். மொத்தச் செலவை ஒரு பெருக்கியால் (செலவான பணம் ஊருக்குள் கைமாறிப் பெருகுவதைக் குறிக்கும் எண்) பெருக்கி, ஊருக்கு இவ்வளவு வருமானம் என்று காட்டுவதுதான் வழக்கம். நிதிக்குழு இதில் எங்கே கை வைக்கும்?

நேர்கணக்கு:
உள்ளூர் ரசிகர்களிடம். கச்சேரி இல்லாவிட்டால் பெரும்பாலும் அதே பணத்தை அதே ஊரில் வேறு எதற்காவது செலவழித்திருப்பார்கள். அது புதுப் பணம் இல்லை. அரங்கில் 1,000 பேர், அதில் 300 பேர் வெளியூர், அந்த 300இல் 120 பேர் வேறு வேலையாக வந்தவர்கள் என்றால், கணக்கில் சேருவது 180 பேரின் செலவு மட்டுமே.

டிக்கெட் பதிவிலுள்ள அஞ்சல் குறியீட்டை வைத்து வெளியூர்க்காரர்களைப் பிரியுங்கள். அவர்களிடம் மூன்று கேள்வி போதும்: எதற்காக வந்தீர்கள், எத்தனை இரவு தங்கினீர்கள், எத்தனை பேருக்குச் சேர்த்து எவ்வளவு செலவு. சறுக்குவது மூன்றாவதில்தான். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒருவர் எழுதிய தொகையைத் தலைக்கு என்று எடுத்தால் முடிவு நான்கு மடங்கு வீங்கிவிடும்.

வெளியிலிருந்து வரும் இசை நடத்துநர் (கண்டக்டர்), தனி வாத்தியக் கலைஞர் ஆகியோரின் சன்மானம் ஊரில் தங்காது, கழித்துவிடுங்கள். மாநகராட்சி மானியமும் வரவல்ல, ஊரார் கட்டிய வரிதான். மத்திய அரசோ வெளியூர் அறக்கட்டளையோ தந்தால் சேர்க்கலாம்.

தந்திவாத்தியம்:
இப்படிக் கழித்தால் மிஞ்சுவது சிறு தொகைதான். அதனால் வருமானத்தை மட்டும் காட்டி மானியம் கேட்காதீர்கள். ஆர்கெஸ்ட்ராவின் பற்றாக்குறை ஏன் தீராது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பொருளாதார அறிஞர்கள் பௌமோலும் போவெனும் 1966இல் விளக்கியதுதான்: 80 பேர் 40 நிமிடம் வாசிக்கும் சிம்பொனிக்கு எந்தக் காலத்திலும் 80 பேரும் 40 நிமிடமும் வேண்டும். மற்ற தொழில்களில் இயந்திரத்தால் உற்பத்தி பெருகிச் சம்பளம் ஏறும்போது இங்கும் ஏற்றியாக வேண்டும். டிக்கெட் விலையை அதே வேகத்தில் ஏற்ற முடியாது.

ஊருக்குப் பெரிய ஆதாயம், அந்த 80 பேரும் அங்கேயே குடியிருப்பது. இசைக் கல்லூரியில் கற்பிப்பதும் ஓபரா என்ற இசை நாடகத்துக்கு வாசிப்பதும் அவர்களே. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மினசோட்டா ஆர்கெஸ்ட்ராவின் நிர்வாகம், சம்பளத் தகராறில் 2012 அக்டோபரில் கலைஞர்களை வேலைக்கு விடாமல் கதவடைப்பு செய்தது. ஒப்பந்தம் 2014 ஜனவரியில்தான் வந்தது. அதற்குள் பல கலைஞர்கள் வேறு ஊர்களில் வேலை தேடிக்கொண்டார்கள், இசை இயக்குநர் ஓஸ்மோ வான்ஸ்காவும் விலகினார் (2014இல் திரும்பினார்). ஆளைப் புதிதாக எடுக்கலாம். சேர்ந்து வாசித்துப் பழகிய ஒலியை உடனே எடுக்க முடியாது.

மந்தரம்:
கலைஞர்கள் ஊரில் இருப்பதன் இந்த ஆதாயத்தை எப்படி அளப்பது?

தந்திவாத்தியம்:
பணமாக மாற்ற முயலாதீர்கள். எத்தனை கலைஞர்கள் ஊரில் கற்பிக்கிறார்கள், வாரம் எத்தனை மணி, முதல்முறை டிக்கெட் வாங்கியவர்களில் எத்தனை பேர் 12 மாதத்துக்குள் மீண்டும் வந்தார்கள் என்று எழுதுங்கள். ஒரே நாளில் பள்ளிப் பிள்ளைகளை அரங்கில் நிரப்பிய எண்ணிக்கையை இதில் கலக்க வேண்டாம். வாராவாரம் வாத்தியம் பழகும் பிள்ளைகளைத் தனியாக எண்ணுங்கள்.