முன் டயர் வெடிச்சப்போ நீங்க என்ன செஞ்சீங்க?

இறக்கப்பாதை:
நீளமான இறக்கம். ரிம் பிரேக் சைக்கிள், அதாவது பிரேக் கட்டைங்க ரிம்மை, சக்கரத்தோட வெளி வளையத்தை, ரெண்டு பக்கமும் அழுத்தி நிறுத்துற வகை. வேகம் கூடிடுமேன்னு பிரேக்கை விடாம பிடிச்சுக்கிட்டே வந்தேன். படார்னு ஒரு சத்தம். அடுத்த நொடி ஹேண்டில்பார் கையில இருக்கு, ஆனா சொன்ன பேச்சைக் கேக்கல. சேத்துல ஓட்டுற மாதிரி முன்சக்கரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வழுக்குது. வெறும் ரிம் தார் ரோட்டைச் சுரண்டுற சத்தம் இன்னும் காதுல நிக்குது. பதட்டத்துல முன் பிரேக்கை இன்னும் இறுக்கினேன். அவ்வளவுதான். காறை எலும்பு முறிஞ்சு மூணு வாரம் ஆச்சு. விழாம தப்பிச்சவங்க இருந்தா சொல்லுங்க.

நெடுந்தூரம்:
நான் தப்பிச்சேன். சமதளம், 25 கி.மீ. வேகம் இருக்கும். ஓரமா ஒதுங்கச் சொல்லி மனசு அடிச்சுக்குச்சு, ஆனா திருப்பல. ஹேண்டிலை நேரா பிடிச்சு, உடம்பைப் பின்னால தள்ளி, பின் பிரேக்கை மட்டும் மெல்ல மெல்ல. நின்னு பாத்தா டயர் பாதி ரிம்மை விட்டு வெளிய வந்து ஃபோர்க்குல, முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கவட்டுல, உரசிக்கிட்டு இருக்கு.

பழைய செயின்:
நெடுந்தூரம், சமதளத்துல அது சரி. செங்குத்தான இறக்கத்துல பின் பிரேக் மட்டும் போதும்னு நம்பாதீங்க, கொஞ்சம் அழுத்தினாலே பின்சக்கரம் பூட்டிக்கிட்டு இழுக்கும்.

நெடுந்தூரம்:
அப்போ காத்தில்லாத முன்சக்கரத்துல பிரேக் போடச் சொல்றீங்களா? மொத்த பாரமும் அதுமேலதான வந்து விழும்?

பழைய செயின்:
போடச் சொல்லல. அந்த நிலைமைக்கே போகாதீங்கங்கறேன். எனக்கு வெடிச்சது நிறுத்தி வச்சிருந்தப்போ, அதனால அடி இல்ல. பிரேக் கட்டை ரிம்முக்கு மேல ஏறி டயர் ஓரத்தை அறுத்திருந்துச்சு. இறக்கத்துல பிரேக்கை விடாம பிடிச்சா ரிம் சூடாகும், உள்ள காத்து அழுத்தம் ஏறும். நல்லாப் பிடிச்சு வேகத்தைக் குறைச்சு, விட்டு, மறுபடி பிடிங்க. ட்யூப் மாத்தினா கொஞ்சமா காத்தடிச்சு, ரெண்டு பக்கமும் டயரைத் தள்ளி, ட்யூப் எங்கயாவது ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல மாட்டியிருக்கான்னு சுத்திப் பாருங்க. அப்புறம் முழுக் காத்து. டயர் ஓரத்துல போட்டிருக்கிற அளவைத் தாண்டாதீங்க.

இறக்கப்பாதை:
நீங்க சொன்ன பிறகுதான் டயரைக் கழட்டிப் பாத்தேன். பிரேக் கட்டை உரசின தடம் இல்ல. ட்யூப்ல ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல், டயர் ரிம்முல உக்கார்ற ஓரத்தை ஒட்டியே. முந்தின நாள் ராத்திரி அவசரமா அந்த ட்யூபை மாத்தினது நான்தான்.