ஒரே குளம், மூன்று துறைகள்: தரவுகளை எப்படி இணைப்பது?

கேள்வி – நீர்வேதியியல் ஆய்வாளர், நாகர்கோவில்

2022-இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்களின் நீரை ஓராண்டாக ஆய்வு செய்து வருகிறேன். அங்கே பறவைகளைக் கணக்கெடுக்கும் விலங்கியல் நண்பர் ஒருவரும், விவசாயிகளிடமும் தாமரைக் குத்தகைதாரர்களிடமும் பேசிவரும் சமூகவியல் ஆய்வாளர் ஒருவரும் என்னுடன் இணைந்திருக்கிறார்கள். மூவரின் தரவுகளையும் அருகருகே வைத்தபோது எதுவும் எதனோடும் பொருந்தவில்லை. நான் மாதந்தோறும் முதல் வாரத்தில் முற்பகல் பதினொரு மணிக்கு நீர் எடுத்தேன். நண்பர் விடியற்காலையில் எண்ணினார். சமூகவியலாளரின் குறிப்பேட்டிலோ தேதிகளே இல்லை, 'கும்பப்பூ நடவுக்கு முன்', 'மடை அடைத்த பிறகு' என்றுதான் இருக்கிறது. இதை எப்படித் தரவாக ஏற்பது என்று முதலில் நினைத்தேன். இப்போது அந்த நினைப்பின் மீதே ஐயம் வந்திருக்கிறது. ஓராண்டு உழைப்பை வீணாக்காமல் இவற்றை இணைக்க வழி உண்டா?

மறுமொழி 1 – தாவரவியல் பேராசிரியர் (ஓய்வு), தக்கலை

உங்களுக்கு வந்திருக்கும் ஐயம் நியாயமானது. மூன்றிலும் குளத்துக்கு மிக நெருக்கமான நாட்காட்டி அந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழைகளும் உண்டு, கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு சாகுபடிகளும் உண்டு; மடை திறப்பதும் அடைப்பதும், வயலில் இட்ட உரம் வடிகால் வழியாக அடுத்த குளத்துக்கு வந்து சேர்வதும் அந்தச் சாகுபடிகளின் போக்கில்தான் நடக்கின்றன, ஆங்கில மாதத்தின் முதல் வாரத்தைப் பார்த்து அல்ல. நீர் வற்றிச் சேறு தெரியும்போது உள்ளான்கள் வந்து மேய்கின்றன. நீரும் செடியும் நிறைந்திருக்கும்போது நாமக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் பெருகுகின்றன. ஆகவே மூவருக்கும் பொதுவான அளவு நீர்மட்டம். மடைக்கருகே ஒரே அளவுகோலை நட்டு, யார் போனாலும் அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். இரவு முழுதும் உயிர்களின் சுவாசத்தால் குறைந்துகொண்டே வரும் கரைந்த ஆக்சிஜன் விடியலில் மிகத் தாழ்ந்திருக்கும், வெயில் ஏற ஏற ஒளிச்சேர்க்கையால் கூடும். பதினொரு மணிக்கு எடுத்த நீர் குளத்தின் நெருக்கடியைக் காட்டாது. அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தால், வண்டலில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பேட் விடுபட்டு மேலே வரும். வயலில் உரமே இடாத வாரத்திலும் பாஸ்பேட் உயர்ந்திருந்தால் இதையும் ஒரு காரணமாகப் பாருங்கள். பழைய தரவைத் தூக்கிப் போட வேண்டாம். மடை திறந்த நாள்களை விவசாயிகளிடம் கேட்டு வாங்கி, அந்த வரிசையில் அட்டவணையை மாற்றி எழுதுங்கள்.

மறுமொழி 2 – மீனவக் குடும்பத்து முதுகலை மாணவி, மணக்குடி

பழையாறு எங்கள் பொழியில்தான் (கழிமுகத்தில்) கடலைச் சேர்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் உப்புத்தன்மையை அளக்க வந்த குழு ஒன்று, மணல்திட்டு பொழிமுகத்தை அடைத்திருந்த வாரத்தில் அளந்துவிட்டு, மாற்றத்துக்கு மழைக்குறைவே காரணம் என்று எழுதிச் சென்றது. பொழி என்று அடைந்தது, என்று வெட்டிவிடப்பட்டது என்பது கரையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். கேட்க ஆள் வரவில்லை. கேள்வி எழுதி முடிந்த பிறகு ஊராரைத் தேடி வராமல், கேள்வியை எழுதும்போதே கூட உட்கார வையுங்கள். சொன்னவர்களுக்கு முடிவையும் திரும்பக் கொண்டுவந்து சொல்லுங்கள்.

மறுமொழி 3 – இயற்பியல் ஆசிரியர், குளச்சல்

நம் மணவாளக்குறிச்சியைப் போலவே, இயற்கையாகக் கதிர்வீசும் மோனசைட் மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில், வீடுகளின் உள்ளும் புறமும் கதிர்வீச்சை அளந்து அதைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு இணைத்தார்கள். 2009-இல் வெளியான அந்த ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் மிகுந்திருப்பதாகக் காணவில்லை. இயற்பியலின் அளவும் மருத்துவத்தின் பதிவும் ஒரே மனிதரைக் குறித்தவையாக இருந்ததால்தான் அவ்வளவு பேசமுடிந்தது. உங்கள் தரவுகளில் அந்த மனிதரின் இடத்தில் இருப்பவை குளமும் நாளும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வரும் ஞாயிறு சமூகவியலாளருடன் நானும் விவசாயிகளைப் பார்க்கச் செல்கிறேன்; அளவுகோலை எந்த மடையில் நடுவது என்பதை அவர்களிடமே கேட்கப்போகிறோம்.