பாலி பயணம், குடும்பக் குழு: போட்டோகிராபர் வைக்கலாமா?

வெள்ளிக்கிழமை

பெரிய அண்ணன் (இரவு 8:06): எல்லோருக்கும் வணக்கம். டிக்கெட் உறுதியாகிவிட்டது. ஜூன் பள்ளி விடுமுறையில் போகிறோம். ஒரு யோசனை. அங்கே ஒரு நாள் மட்டும் தனியாக ஒரு போட்டோகிராபரை வைத்துக்கொள்ளலாமா? எங்கே போனாலும் நம்மில் ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறோம். அப்பாவின் மணிவிழா முடிந்து போகிற முதல் பயணம் இது, எல்லோரும் ஒரே படத்தில் இருக்க வேண்டும்.

ஈசூன் சித்தி (இரவு 8:09): நல்ல யோசனைதான். எவ்வளவு கேட்கிறார்கள்?

பெரிய அண்ணன் (இரவு 8:13): இரண்டு இடத்தில் விசாரித்தேன். வெளிநாட்டு இணையத்தளம் ஒன்றில் ஒரு மணி நேரத்துக்கு 380 சிங்கப்பூர் வெள்ளி, 40 படம். பாலியிலேயே இருக்கும் ஒருவர் இரண்டு மணி நேரத்துக்கு 220 வெள்ளி, 60 படம் திருத்தித் தருவதாகச் சொல்கிறார். சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பித்து 8 வரை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். வெயில் இருக்காது.

நான் (இரவு 8:15): அண்ணா, 6 மணிக்கு ஆரம்பித்தால் இருட்டில்தான் நிற்போம். நேரம் சிங்கப்பூர் நேரம்தான், ஆனால் பாலி கிழக்கே தள்ளி இருக்கிறது. இங்கே ஜூன் மாதம் சூரியன் மறைய 7 மணிக்கு மேல் ஆகும். அங்கே 6:10க்கெல்லாம் மறைந்துவிடும். அப்புறம் அரை மணி நேரம்கூட வெளிச்சம் தாங்காது.

பெரிய அண்ணன் (இரவு 8:16): அப்படியா! நல்ல வேளை சொன்னாய்.

தம்பி (இரவு 8:20): எதற்கு 220 வெள்ளி? என் நண்பன் நல்ல கேமரா வைத்திருக்கிறான். டிக்கெட்டும் செலவுக்குக் கொஞ்சம் காசும் கொடுத்தால் கூடவே வருகிறேன் என்கிறான்.

அண்ணி (இரவு 8:24): தம்பி, அது மட்டும் வேண்டாம். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு விசா இல்லாமல் 30 நாள் விடுகிறார்கள் என்றால் அது சுற்றிப் பார்க்கத்தான். அங்கே போய்க் காசு வாங்கிக்கொண்டு படம் எடுத்தால் அது வேலை. பாலியில் அப்படி வேலை செய்த வெளிநாட்டவர்களைப் பிடித்து நாட்டை விட்டு அனுப்புகிறார்கள். உன் நண்பன் சும்மா வந்தால் வரட்டும், காசுப் பேச்சு வேண்டாம்.

தம்பி (இரவு 8:25): சரி அண்ணி, விட்டுவிடுகிறேன். ஆனால் இடம் இதுதான், மாற்றக் கூடாது. (படம்)

அம்மா (இரவு 8:31): என்ன அழகு! கோபுர வாசல் மாதிரி இரண்டு பக்கமும், நடுவில் மலை, கீழே ஏரி. இது எந்த ஊர்?

தம்பி (இரவு 8:32): லெம்புயாங் கோயில், அம்மா. சொர்க்க வாசல் என்று சொல்வார்கள். பின்னால் தெரிவது ஆகுங் எரிமலை.

நான் (இரவு 8:36): அம்மா, அங்கே ஏரி கிடையாது. கல் பாவிய தரைதான். போன் லென்சுக்குக் கீழே சின்னக் கண்ணாடித் துண்டைப் பிடித்து எடுப்பார்கள், அது தண்ணீரில் நிழல் விழுந்த மாதிரி வரும். அதற்கு எண் வாங்கி வரிசையில் காத்திருக்க வேண்டும், கூட்ட நாளில் மணிக்கணக்காகும். நாம் தங்கும் உபுட்டிலிருந்து போகவே இரண்டு மணி நேரம்.

அம்மா (இரவு 8:37): ஏரியே இல்லையா?

அப்பா (இரவு 8:44): கோயில் வாசலில் எண் கூப்பிட்டதும் ஓடிப்போய்க் குதித்துக் காட்டிவிட்டு வருவதில் எனக்கு விருப்பமில்லை. அது அவர்கள் கும்பிடும் இடம். கோயிலுக்குப் போவோம், சாரோங் கட்டிக்கொண்டு முறைப்படி கும்பிட்டுவிட்டு வருவோம். படத்துக்கு வேறு இடம் பாருங்கள்.

தெம்பனிஸ் மாமா (இரவு 8:46): மாப்பிள்ளை சொல்வது சரி.

நான் (இரவு 8:55): அப்பா, ஜாத்திலுவே என்று ஓர் இடம். பாத்துக்காரு மலைச் சரிவில் படிப்படியாக நெல் வயல். சுபாக் என்று அவர்களுடைய நீர்ப் பங்கீட்டு முறை இருக்கிறது. மேலிருந்து வரும் தண்ணீரை ஊரே கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அதற்கென்று நீர்க் கோயில்களும் உண்டு. 2012இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தார்கள். எல்லோரும் போகும் தெகல்லாலாங் வயலைவிட இங்கே நெரிசல் குறைவு. (படம்)

அப்பா (இரவு 8:58): வரப்பு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, பார். ஜூனில் பயிர் என்ன நிலையில் இருக்கும்? நட்டு முடித்திருப்பார்களா, கதிர் வந்திருக்குமா? அறுத்துப் போட்ட வயலில் போய் நின்றால் பார்க்க ஒன்றும் இருக்காது.

அப்பா (இரவு 9:01): முறைத் தண்ணீர் எங்கள் ஊரிலும் உண்டு. ராத்திரி முறை வந்தால் அரிக்கேன் விளக்கோடு மடையில் போய் உட்கார்ந்திருப்போம். நான் வருகிறேன். அந்த வரப்பில் நடக்க வேண்டும்.

பெரிய அண்ணன் (இரவு 9:02): அப்பாவே வருகிறேன் என்று சொல்லிவிட்டார், அப்புறம் என்ன. இடம் முடிவு.

அம்மா (இரவு 9:10): நீங்கள் எல்லோரும் நின்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் படம் வேண்டாம்.

நான் (இரவு 9:11): ஏன்மா?

அம்மா (இரவு 9:11): ஒன்றுமில்லை.

ஈசூன் சித்தி (இரவு 9:18): நான் சொல்கிறேன். மணிவிழா ஆல்பம் வந்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். ஐந்தாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அக்காவின் முகம் ஒரு நிறம், குங்குமச் சிமிழைப் பிடித்திருக்கும் கை ஒரு நிறம். மூக்குத்திக்குப் பக்கத்தில் இருக்கும் மச்சம்கூட இல்லை, அழித்துவிட்டார்கள். அக்கா ஆல்பத்தை மூடி அலமாரியில் வைத்தாள், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. எங்கள் அம்மாவின் நிறம் எங்கள் இரண்டு பேரில் அக்காவுக்குத்தான் வந்தது. அந்த நிறத்தை அழிக்க அவர்கள் யார்?

அம்மா (இரவு 9:22): நான் கேட்டேன். "அழகாகத்தானே ஆக்கியிருக்கிறோம்மா" என்றார்கள். அதற்கு மேல் என்ன பேசுவது. அந்தப் படத்தில் இருப்பது நான் இல்லை.

நான் (இரவு 9:26): அம்மா, இதை நீங்கள் எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் நிறத்தில், உங்கள் மச்சத்தோடு எடுக்கத் தெரிந்தவர் கிடைத்தால்தான் போட்டோகிராபர். இல்லாவிட்டால் போனே போதும். விலை, இடம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தெம்பனிஸ் மாமா (இரவு 9:48): கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். நான் சிராங்கூன் சாலையில் படம் கழுவிப் பிரிண்ட் போடும் கடையில் வேலை பார்த்தவன். அந்தக் காலத்தில் கோடாக் ஃபிலிம் கம்பெனியிலிருந்து ஒரு மாதிரிப் படம் அனுப்புவார்கள். ஷெர்லி கார்டு என்று பெயர். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கணக்கிலேயே நம் கல்யாணப் படங்களையும் போட்டால் மாப்பிள்ளையின் வேட்டி பளிச்சென்று இருக்கும், முகத்தில் கண்ணும் பல்லும்தான் தெரியும். நான் ஒவ்வொரு பிரிண்டாகக் கையால் அளவை மாற்றிப் போட வேண்டியிருக்கும். மரச் சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் தங்கள் பொருள்களின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று புகார் செய்த பிறகுதான் கோடாக் பழுப்பு நிறங்களைக் கவனித்தது என்று பின்னால் படித்தேன். கருப்பினப் பெண்ணும் ஆசியப் பெண்ணும் சேர்ந்த கார்டு 90களில்தான் வந்தது.

தெம்பனிஸ் மாமா (இரவு 9:55): இப்போது ஃபிலிம் இல்லை, ஆனால் விஷயம் அதேதான். எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கேமரா வெளிச்சத்தை அளக்கும். பின்னால் வெளுத்த வானம் இருந்தால் மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடும், முகம் இருண்டு போகும். வீட்டுக்கு வந்து கணினியில் முகத்தை மட்டும் வெளுப்பாக்கினால் சாம்பல் பூத்தது போல வரும். தெரிந்தவர் என்ன செய்வார்? முகத்துக்கு அளவு வைத்து எடுப்பார், வானம் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும் என்று விடுவார். இல்லையென்றால் காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி நிறுத்துவார், ஒரு வெள்ளைத் தட்டியைப் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் கொடுப்பார். கருத்த தோலில் அந்த வெளிச்சம் நெற்றியிலும் கன்னத்திலும் நின்று மின்னும். அந்த அழகு வேறு எந்தத் தோலிலும் வராது. தங்கச்சி, நீ கட்டாயம் நிற்க வேண்டும்.

அண்ணி (இரவு 10:02): மாமா, இதை எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வது? இன்ஸ்டாகிராமில் எல்லோருடைய படமும் நன்றாகத்தான் இருக்கிறது.

தெம்பனிஸ் மாமா (இரவு 10:07): பொறுக்கிப் போட்ட பத்துப் படத்தைப் பார்க்காதே. நம் நிறத்தில் ஒரு குடும்பத்துக்கு எடுத்துக் கொடுத்த மொத்தத் தொகுப்பையும் காட்டச் சொல். அதில் இரண்டு பார். ஒன்று, முகமும் கையும் ஒரே நிறமா. இரண்டாவது, வெள்ளைச் சட்டையில் மடிப்புத் தெரிகிறதா. இரண்டும் ஒரே படத்தில் சரியாக இருந்தால் ஆளுக்கு வேலை தெரியும்.

சனிக்கிழமை

பெரிய அண்ணன் (காலை 10:20): இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டேன். இணையத்தளத்தில், யார் வருவார் என்பதையே பயணத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் சொல்வார்களாம். அப்படியென்றால் யாருடைய தொகுப்பைப் பார்ப்பது? அதை விட்டுவிட்டேன். பாலிக்காரர் உடனே அனுப்பினார். ஓர் இந்தியக் குடும்பம், இலங்கையிலிருந்து வந்த ஒரு தம்பதி. மாமாவுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

தெம்பனிஸ் மாமா (காலை 11:34): முழுக்கப் பார்த்தேன். அந்த இலங்கைப் பெண்ணின் முகத்தில் கை வைக்கவே இல்லை. கழுத்துக்கும் முகத்துக்கும் நிறம் மாறவில்லை, பின்னால் நெல் வயலின் பச்சையும் அளவுக்கு மீறவில்லை. சில படத்தில் வானம் வெளுத்திருக்கிறது, அது குறையில்லை. பிடித்துவிடு.

நான் (காலை 11:40): நானும் அவருக்கு எழுதினேன். "தோல் நிறத்தை வெளுப்பாக்கக் கூடாது, மச்சம், சுருக்கம், நரை எதையும் அழிக்கக் கூடாது" என்று தெளிவாகக் கேட்டேன். அப்படியே செய்கிறேன் என்றார். அம்மாவின் சாதாரணப் படம் ஒன்றை முன்கூட்டியே அனுப்பச் சொன்னார், திருத்தும்போது நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க. அப்படிக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அப்பா (காலை 11:52): பயிர் நிலை கேட்டாயா?

நான் (காலை 11:53): கேட்டேன் அப்பா. எல்லா வயலும் ஒரே நேரத்தில் நடுவதில்லையாம். முதல் நாள் போய்ப் பார்த்து, எந்தப் பக்கம் பயிர் நிற்கிறதோ அங்கே கூட்டிப்போகிறேன் என்றார். வரப்பில் நடக்கலாமாம், ஆனால் பயிரை மிதிக்காமல் ஒருவர் பின் ஒருவராக.

அப்பா (காலை 11:54): அதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணி (மதியம் 12:30): ஒப்பந்தப் படிவத்தைப் படித்துவிட்டேன். நம் படங்களைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று நடுவில் ஒரு வரி இருக்கிறது. இந்தோனேசியாவின் 2014ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் சம்மதம் கொடுத்தால்தான் ஒருவரின் படத்தை விளம்பரத்துக்குப் போடலாம். நாம் கையெழுத்துப் போட்டால் அதுவே அந்தச் சம்மதம் ஆகிவிடும். பிள்ளைகள் இருப்பதால் அந்த வரியை எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார்.

ஈசூன் சித்தி (மதியம் 12:33): காசு கொடுத்தால் படம் நம்முடையது இல்லையா?

அண்ணி (மதியம் 12:38): இல்லை சித்தி. இங்கே சிங்கப்பூரிலேயே 2021 நவம்பரிலிருந்து, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் காப்புரிமை போட்டோகிராபருக்குத்தான். அதனால் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டேன். குடும்பத்துக்குள் எத்தனை பிரதி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், முழு அளவுப் படம் தருவார், பதிவிறக்கும் இணைப்பு மூன்று மாதம் இருக்கும். மழை பெய்தால் மறுநாள். ஜூன் வறட்சிக் காலம்தான், ஆனாலும் மலைப் பக்கம் என்பதால் கேட்டு வைத்தேன்.

பெரிய அண்ணன் (மதியம் 12:45): நேரம் காலை 7 முதல் 9 வரை. சூரியன் 6:30க்கு உதிக்கிறது. உபுட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம், 5:15க்கு வண்டியில் ஏற வேண்டும். மலை மேலே குளிரும், பிள்ளைகளுக்கும் அப்பாவுக்கும் ஸ்வெட்டர். இன்னொன்று, பாலிக்குள் போகும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஆளுக்கு 150,000 ரூப்பியா வரி இருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து நானே இணையத்தில் கட்டிவிடுகிறேன்.

தம்பி (மதியம் 12:47): அம்மா, நிற்பீர்கள்தானே?

அம்மா (மதியம் 1:15): அவருக்கு அனுப்ப என் படம் எதை எடுத்தாய்?

நான் (மதியம் 1:16): தேக்கா சந்தையில் நீங்கள் கீரை வாங்கிக்கொண்டு நிற்பது. (படம்)

அம்மா (மதியம் 1:20): இது நன்றாக இருக்கிறது. சரி, நிற்கிறேன். புடவை எது கட்டுவது? எல்லோரும் பச்சையாகக் கட்டிவிடாதீர்கள்.

தெம்பனிஸ் மாமா (மதியம் 1:24): பச்சை வேண்டவே வேண்டாம், வயலோடு கலந்துவிடும். அரக்கு, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ நிறம் எல்லாம் உனக்கு எடுக்கும். பளபளக்கும் பட்டு வேண்டாம், பருத்தியோ மங்கிய பட்டோ பார். நாளை சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன், எடுத்து வை. ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்துவிடலாம்.

அம்மா (மதியம் 1:26): சரிண்ணே. அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாங்க, ராத்திரி சாப்பாடு இங்கேதான்.

பெரிய அண்ணன் (மதியம் 1:40): முன்பணம் 80 வெள்ளி கட்டிவிட்டேன். மீதி அன்றைக்குக் கையில்.