பொருள்: 'ரெஸ்பான்சிபிலிட்டி டு புரொடெக்ட்' – காப்புப் பொறுப்பா, காக்கும் கடமையா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

பன்னாட்டுச் சட்டச் சொல்தொகுப்பில் நெடுநாளாக நிலுவையில் கிடக்கும் சொல் இது. தீவிரவாத ஆயுதக்குழுக்களிடம் சிக்கிய சிறுபான்மையினரைக் காக்க வெளிநாடுகள் படை அனுப்பலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்தச் சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. தமிழில் 'பாதுகாக்கும் பொறுப்பு' என்றும் 'மனிதாபிமானத் தலையீடு' என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. பின்னதை ஒதுக்கிவைக்கவே முன்னது பிறந்தது.

1999இல் கொசோவோவை முன்னிட்டு யூகோஸ்லாவியா மீது நேட்டோ 78 நாள் குண்டு வீசியது. ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஒப்புதல் இல்லை. அந்தச் சர்ச்சைக்குப் பின் கனடா ஓர் ஆணையம் அமைத்தது. கேரத் எவன்ஸும் முகமது சஹ்னூனும் இணைத்தலைவர்கள். 2001 டிசம்பரில் அறிக்கை வந்தது. 'தலையிடும் உரிமை' என்ற பேச்சைத் திருப்பிப் போட்டு, காக்கும் பொறுப்பு முதலில் அந்தந்த அரசுக்கு, அது தவறினால் மற்றவர்களுக்கு என்றது. 'ஹியூமானிட்டேரியன்' என்ற அடைமொழியைப் படைநடவடிக்கைக்குச் சூட்டுவதை உதவி அமைப்புகள் கடுமையாக எதிர்த்ததால் அதை வேண்டுமென்றே தவிர்த்தது. 2005 ஐ.நா. உச்சிமாநாட்டு ஆவணத்தின் 138, 139ஆம் பத்திகளில் கருத்து ஏறியது. அங்கே அது நான்கு குற்றங்களுக்கு மட்டும் உரியது: இனப்படுகொலை, போர்க்குற்றம், இனச்சுத்திகரிப்பு, மானுடத்துக்கு எதிரான குற்றம். பஞ்சமோ தேர்தல் மோசடியோ இதில் வராது.

என் முன்மொழிவு: காப்புப் பொறுப்பு. கருத்துகளைச் சொல்லுங்கள்.

மடல் 2

> காப்புப் பொறுப்பு

மன்னிக்கவும், இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் இருக்கவேண்டிய சொல் போலக் காதில் விழுகிறது. காப்பீடு, காப்புறுதி, காப்புரிமை என்று 'காப்பு' ஏற்கெனவே வேறு கடைகளில் வேலை பார்க்கிறது. போதாக்குறைக்குக் கையில் மாட்டும் காப்பு.

ஆனால் 'பாதுகாப்பு' பக்கம் போகாமல் விட்டதற்கு நன்றி. தமிழில் அந்த ஒரு சொல்தான் செக்யூரிட்டி, டிஃபென்ஸ், சேஃப்டி, புரொடெக்‌ஷன் நான்கையும் சுமக்கிறது. இப்படி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்: "பாதுகாப்பு அவை, பாதுகாக்கும் பொறுப்பின்படி, பாதுகாப்புப் பகுதியைப் பாதுகாக்கப் பாதுகாப்புப் படையை அனுப்பியது." இலக்கணப் பிழை எதுவும் இல்லை. யார், எந்த அதிகாரத்தில், எதைச் செய்ய ஒப்புக்கொண்டார்கள் என்பது மட்டும் தெரியாது.

அவையின் பெயர் நிலைத்துவிட்டது, அதை மாற்ற முடியாது. ஆகவே மற்ற மூன்று பொருள்களிலிருந்தும் அந்தச் சொல்லை எடுத்தாகவேண்டும். 'புரொடெக்ட்' வரும் இடமெல்லாம் 'காத்தல்' என்றே வைக்கலாம். தொழிற்பெயர் என்பதால் யாரோ செய்யவேண்டிய வினை என்பது சொல்லிலேயே இருக்கும். காத்தற்பொறுப்பு.

மடல் 3

பொறுப்பா, கடமையா என்பதையும் இப்போதே பேசிவிடலாம். 'கடமை' என்றால் அழுத்தமாக இருக்கும் என்று சிலருக்குத் தோன்றும். அந்த அழுத்தம்தான் தவறு. 139ஆம் பத்தி ஒவ்வொரு நேர்வையும் தனித்தனியே பார்த்து, பாதுகாப்பு அவை வழியாக, ஐ.நா. சாசனத்தின் ஏழாம் இயலின்கீழ் (படைபலத்துக்கும் இடம்தரும் இயல்) நடவடிக்கைக்குத் தயாராக இருக்கிறோம் என்று மட்டுமே சொல்கிறது. செய்யாவிட்டால் சட்டமீறல் என்று எங்கும் இல்லை.

சட்டக் கடமை வேறிடத்தில் இருக்கிறது. 1948 இனப்படுகொலை உடன்படிக்கையின் முதல் உறுப்பு, தடுக்கவும் தண்டிக்கவும் நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. பொஸ்னியா தொடுத்த வழக்கில் 2007 பிப்ரவரியில் பன்னாட்டு நீதிமன்றம் செர்பியாவை அந்தத் தடுக்கும் கடமையில் தவறியதாகவே கண்டது. அதைத் 'தடுப்புக் கடமை' என்போம். இரண்டுக்கும் 'கடமை' போட்டால் வாசகருக்கு ஒரு சட்டமும் ஒரு அரசியல் வாக்குறுதியும் ஒரே தட்டில் தெரியும்.

'பொறுப்பு'க்கும் ஒரு கறை உண்டு. "குண்டுவெடிப்புக்கு அந்த அமைப்பு பொறுப்பேற்றது" என்று தினமும் படிக்கிறோம். ஒரே செய்தியில் ஆயுதக்குழுவும் பொறுப்பேற்கும், ஐ.நா.வும் பொறுப்பேற்கும்! செய்திக்கு எழுதுவோர் முன்னதற்கு 'உரிமை கோரியது' என்று போட்டால் சிக்கல் தீரும்.

மடல் 4

சொல்லைப் பற்றி இவ்வளவு அலசத் தேவையா என்று கேட்பவர்களுக்காகப் பொஸ்னிய ஊரான ஸ்ரெப்ரெனிட்சாவை எடுத்துக்காட்டுகிறேன். கலைச்சொல் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் படிக்கவேண்டிய வரலாறு அது.

1993 ஏப்ரல் 16, பாதுகாப்பு அவையின் தீர்மானம் 819: ஸ்ரெப்ரெனிட்சா ஒரு 'சேஃப் ஏரியா'. மே 6, தீர்மானம் 824: சாரயேவோ, துஸ்லா, ஜெபா, கொராஜ்டே, பிஹாச்சும் அப்படியே. ஜெனீவா உடன்படிக்கைகளிலும் அவற்றின் கூடுதல் நெறிமுறையிலும் மருத்துவமனை வலயம், நடுநிலை வலயம், படைநீக்க வலயம் என்று இலக்கணம் வகுத்த சொற்கள் உண்டு. அவற்றுக்குச் சண்டையிடும் தரப்புகளின் உடன்பாடு வேண்டும். 'சேஃப் ஏரியா' அவற்றில் ஒன்றும் அல்ல. உடன்பாடும் முழுதாக இல்லை, காவலும் முழுதாக இல்லை.

ஜூன் 4, தீர்மானம் 836 இன்னும் நுட்பம். ஐ.நா. படைக்குத் தந்த வேலை, தாக்குதலை 'டிட்டர்' செய்வது, அதாவது தாக்க வருவோரைத் தயங்கவைப்பது. 'புரொடெக்ட்', 'டிஃபெண்ட்' இரண்டையும் கவனமாக விலக்கியே எழுதினார்கள் என்று ஐ.நா. 1999இல் வெளியிட்ட அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. சொல் எப்படியோ ஆள்கணக்கும் அப்படியே. தயங்கவைக்கச் சுமார் 34,000 வீரர்கள் தேவை என்று பொதுச்செயலர் தரப்பு சொன்னது. அவை ஏற்றது 7,600 பேர் கொண்ட 'இலகு' திட்டம். 1995 ஜூலையில் பொஸ்னிய செர்பியப் படையிடம் ஊர் விழுந்தது. ஏறத்தாழ 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

இதைத் தமிழில் "பாதுகாப்பு வலயத்தைப் பாதுகாக்க ஐ.நா. படை நிறுத்தப்பட்டது" என்று எழுதினால் அங்கே நடந்த ஏமாற்று முழுவதும் மறைந்துபோகும். என் பரிந்துரைகள்: 'சேஃப் ஏரியா'வுக்கு அறிவிப்புப் புகலிடம் (அறிவித்தார்கள், அவ்வளவுதான்), 'டிட்டர்' என்பதற்குத் தயங்கவைத்தல், 'டிஃபெண்ட்' என்பதற்கு எதிர்த்துக் காத்தல்.

மடல் 5

> அறிவிப்புப் புகலிடம்

இது மொழிபெயர்ப்பு அல்ல, விமர்சனம். கலைச்சொல் தீர்ப்பு எழுதக்கூடாது. 'புகல் பகுதி' போதும்.

'தலையீடு' பற்றி யாரும் பேசவில்லையே? அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது என்ற வாடை அதில் இருக்கிறது. அதனால் 'இடையீடு' என்று மாற்றச் சொல்வார்கள். வேண்டாம். அந்த வாடை இருக்கட்டும். அரசின் இசைவில்லாமல் படையோடு நுழைவதற்குத் 'தலையீடு' பொருத்தமான சொல்தான். தவறு எங்கே என்றால், இசைவோடு வருவதையும் தலையீடு என்பதில்.

ஈராக்கின் சிஞ்சாரை வைத்துச் சோதித்துப் பார்ப்போம். 2014 ஆகஸ்ட் 3 அன்று ஐ.எஸ். தாக்கியது, ஈராக்கியக் குர்துப் படையான பெஷ்மெர்கா பின்வாங்கியது, சிறுபான்மையினரான யசீதிகள் பல்லாயிரம் பேர் மலையேறினார்கள். ஆகஸ்ட் 7 இரவு அமெரிக்க விமானங்கள் முதல் தடவை பொதிகளைப் போட்டன. ஒரு சி-17, இரண்டு சி-130, மொத்தம் 72 பொதி. 5,300 கேலன் நீர், 8,000 உணவுப் பொட்டலம். நீர் சுமார் 20,000 லிட்டர். மலையில் 20,000 பேர்தான் என்று வைத்தாலும் தலைக்கு ஒரு லிட்டர், அதுவும் ஆகஸ்ட் வெயிலில், ஒருமுறை. வானிலிருந்து போடுவது நாளைக் கடத்தும், ஆளை மீட்காது. மீட்டது தரைவழிதான். சிரியப் பக்கமிருந்து குர்து ஆயுத அமைப்பான ஒய்.பி.ஜி. ஒரு தப்பும் பாதை திறந்தது. (அந்த அமைப்பின் பெயரை மொழிபெயர்த்தால் 'மக்கள் பாதுகாப்புப் படை'. மடல் 2 எழுதியவர் சிரிக்கட்டும்.)

இதில் தலையிட்டது யார்? அமெரிக்கா இல்லை, ஈராக் அரசு ஜூன் 25 அன்றே ஐ.நா. பொதுச்செயலருக்கு எழுதி உதவி கேட்டிருந்தது. அது அழைப்புதவி. இசைவின்றி எல்லை தாண்டியது ஒய்.பி.ஜி., ஆனால் அது ஒரு நாடே அல்ல. 'வெளிநாட்டுத் தலையீடு சரியா' என்று தமிழில் கேட்டால் இரண்டுமே கேள்விக்குள் வரவில்லை.

அடுத்த மாதம் சிரியாவுக்குள் குண்டு வீசியபோது கதை மாறியது. டமாஸ்கஸ் அழைக்கவில்லை. செப்டம்பர் 23 கடிதத்தில் அமெரிக்கா சொன்ன காரணம் யசீதிகளைக் காப்பது அல்ல. ஈராக்குக்கான கூட்டுத் தற்காப்பு, ஐ.நா. சாசனத்தின் உறுப்பு 51. தன் மண்ணைத் தாக்குதலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கச் சிரிய அரசு 'அன்வில்லிங் ஆர் அனேபிள்' என்பது வாதம். பல நாடுகள் ஏற்காத வாதம். அதற்கு ஒரு தமிழ் முன்வைக்கிறேன்: இசையா அல்லது இயலா அரசு.

மடல் 6

'இசையா அல்லது இயலா' அருமை. என் வாக்கு அதற்கு.

சிறு திருத்தங்கள் சில.

2005 ஆவணத்தின் 138ஆம் பத்தியில் இருப்பது 'மைனாரிட்டீஸ்' அல்ல, 'பாப்புலேஷன்ஸ்'. இதைக் 'குடிமக்கள்' என்று பெயர்த்தால் பெரும் ஓட்டை விழும். மியான்மரின் 1982 சட்டத்தால் குடியுரிமை இழந்த ரோஹிங்யாக்கள் அப்படியே வெளியே போவார்கள். 'சிவிலியன்' என்பதற்கும் 'குடிமக்கள்' போடும் பழக்கத்தை விடவேண்டும். 'பாப்புலேஷன்ஸ்' வாழ்மக்கள், 'சிவிலியன்' பொதுமக்கள்.

ஆயுதக்குழுவுக்கு 'தீவிரவாதிகள்', 'பயங்கரவாதிகள்', 'போராளிகள்' மூன்றும் எழுதுகிறவரின் சார்பைக் காட்டும். சட்டப் பனுவலில் வேண்டாம். 'அரசுசாரா' என்றால் தொண்டு நிறுவனம் நினைவுக்கு வரும். அரசல்லாத ஆயுதக்குழு.

'நோ-ஃப்ளை ஸோன்' பட்டியலில் 'விமானம் பறக்கத் தடை' என்று இருக்கிறது. விமான நிலையத்தை மூடியது போல ஒலிக்கிறது. 1991இல் ஈராக்கின் 36ஆம் அட்சக்கோட்டுக்கு வடக்கே அது நிலைத்ததற்குக் காரணம் போர்விமானங்கள் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்ததுதான். பறப்புத்தடை வலயம், 'விதிக்கப்பட்டது' அல்ல, 'நடைமுறைப்படுத்தப்பட்டது'. விமானமே இல்லாத ஆயுதக்குழுவுக்கு எதிராக இதைக் கேட்பவர்களும் உண்டு. யாருடைய பறப்பைத் தடுக்க என்று தெரியவில்லை.

மடல் 7

சொல்லில் அல்ல, சொல்லின் அழகில் எனக்கு ஐயம். 'காத்தல்' என்றாலே நல்லது என்று கேட்கிறது. 2011 மார்ச் 17, தீர்மானம் 1973: லிபியாவில் பொதுமக்களைக் காக்க 'தேவையான எல்லா வழிகளும்'. ஆதரவு 10, இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி வாக்களிக்கவில்லை. காத்தலில் தொடங்கியது ஆட்சி கவிழ்ப்பில் முடிந்தது. அதன்பின் சிரியாவுக்கு அதே சொல்லோடு வந்த எதுவும் அவையில் எளிதில் நகரவில்லை. லிபியாவில் சொல்லைச் செலவழித்துவிட்டார்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் பிரேசில் முன்வைத்த எதிர்ச்சொல் 'ரெஸ்பான்சிபிலிட்டி வைல் புரொடெக்டிங்'. நம் சொல் இந்த வழிச்சொல்லையும் தாங்குகிறதா என்பதுதான் உண்மையான சோதனை. 'காப்பு' தாங்காது. 'காத்தல்' தாங்கும்: காக்கும்போது பொறுப்பு. தயவுசெய்து 'காக்கையில் பொறுப்பு' என்று சுருக்கிவிடாதீர்கள், கூட்டம் கூட்டமாகக் காகங்கள் வரும்.

மடல் 8

மட்டுறுத்துநர் பக்கமிருந்து. மறுப்பு வராதவற்றைத் தொகுப்பில் ஏற்றுகிறேன்: காத்தற்பொறுப்பு (சட்டக் கடமையைக் குறிக்காது என்ற குறிப்போடு), தடுப்புக் கடமை, அழைப்புதவி, தலையீடு (அரசின் இசைவின்றி மட்டும்), இசையா அல்லது இயலா அரசு, அரசல்லாத ஆயுதக்குழு, வாழ்மக்கள், பறப்புத்தடை வலயம், புகல் பகுதி.

'மனிதாபிமானத் தலையீடு' நீக்கப்படாது. 2001க்கு முந்தைய பனுவல்களில் அது வருகிறது. காத்தற்பொறுப்புக்கு மாற்றாக ஆளக்கூடாது என்று குறிப்பு இருக்கும்.

'தயங்கவைத்தல்' நிலுவையில். அணுஆயுதப் பகுதியில் 'டிட்டரன்ஸ்' என்பதற்கு வேறு சொல் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்குவதா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். எழுதுகிறவர்கள் தீர்மானம் 836இன் அந்த வாக்கியத்தை முழுதாகத் தமிழில் பெயர்த்து, உங்கள் சொல்லை அதற்குள் வைத்தே அனுப்புங்கள். தனிச்சொல்லாக வந்தால் பரிசீலிக்க இயலாது.