புளோரிடா பயணம்: புயல் வந்தால் விடுதிப் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து எங்களிடம் வந்திருக்கும் பெற்றோரை, அவர்கள் ஊர் திரும்பும் முன், செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் புளோரிடாவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பி, ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்டு பார்த்துவிட்டு, தெற்கே உள்ள கீ வெஸ்ட் தீவுக்குப் போவதாகத் திட்டம். அந்த வாரத்தில் அறை வாடகை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் மலிவான அறைகள் எல்லாவற்றிலும் 'ரத்து செய்தால் பணம் திருப்பித் தரப்படாது' என்ற நிபந்தனை இருக்கிறது. புயல் வந்தால் அந்த நிபந்தனையைத் தளர்த்துவார்களா? கீ வெஸ்டில் அம்மாவுக்குச் சமையலறை வேண்டும் என்பதால் தனியார் வீடுகளை வாடகைக்குத் தரும் ஏர்பிஎன்பி தளத்தில் வீடு எடுக்கலாமா என்றும் யோசிக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி. கடைசி நேர அலைச்சல் அவருக்கு ஆகாது.

பதில் (டாம்பாவிலிருந்து):

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் ஏறக்குறைய செப்டம்பர் 10. நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது சரியாக அந்த வாரம்தான், வாடகை குறைந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். புயல் வந்தாலே பணம் வந்துவிடும் என்று தயவுசெய்து நம்ப வேண்டாம். விடுதி திறந்திருக்கும்வரை, விமானம் ரத்தாகி உங்களால் வந்து சேர முடியாமல் போனாலும், நீங்கள் வராத விருந்தினர் என்றே கணக்கில் எழுதுவார்கள். விமான நிறுவனம் தன் கட்டணத்தைத் திருப்பித் தருவது வேறு, விடுதி தருவது வேறு.

பலர் கவனிக்கத் தவறும் இடம் கெடு நேரம். மியாமியிலுள்ள தேசிய ஹரிக்கேன் (கடும்புயல்) மையம், பலத்த காற்று தொடங்குவதற்குச் சுமார் 36 மணி நேரத்துக்கு முன்புதான் ஹரிக்கேன் எச்சரிக்கையை வெளியிடும். உங்கள் விடுதி 72 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்ய வேண்டும் என்று சொன்னால், எச்சரிக்கை வரும்போது கெடு முடிந்திருக்கக்கூடும். 2024இல் மில்டன் புயலுக்கு அக்டோபர் 5 அன்று பெயர் வைத்தார்கள். 9ஆம் தேதி இரவே புளோரிடாவின் சியஸ்டா கீ அருகே கரையைக் கடந்துவிட்டது. அதனால் சற்றுக் கூடுதல் வாடகை கொடுத்தாவது, 24 மணி நேரத்துக்கு முன்புவரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை எடுங்கள். அந்தக் கெடு, விடுதி இருக்கும் ஊரின் நேரப்படி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதையும் உறுதிச் சீட்டில் பாருங்கள்.

டிஸ்னியின் விதி இவற்றைவிடத் தாராளமானது. வருகை நாளுக்கு முந்தைய 7 நாட்களுக்குள் ஆர்லாண்டோ பகுதிக்கோ நீங்கள் வசிக்கும் பகுதிக்கோ ஹரிக்கேன் எச்சரிக்கை வந்தால், டிஸ்னியிடம் நேரடியாகப் பதிவு செய்த அறையைக் கட்டணமின்றி ரத்து செய்யலாம் அல்லது தேதி மாற்றலாம். வெளியே உள்ள விடுதிகளுக்கு இது பொருந்தாது.

பதில் (கீ வெஸ்ட், ஏர்பிஎன்பி குறித்து):

கீ வெஸ்ட் இருக்கும் கீஸ் தீவுகளிலிருந்து வெளியேற ஒரே நெடுஞ்சாலைதான் என்பதால், அங்கே முதலில் வெளியேறச் சொல்வது சுற்றுலாப் பயணிகளைத்தான். 2017 செப்டம்பர் 10 அன்று இர்மா புயல் அதே தீவுக்கூட்டத்தின் கட்ஜோ கீயில் கரையைக் கடந்தபின், அக்டோபர் 1ஆம் தேதிதான் பயணிகளை மீண்டும் அனுமதித்தார்கள். முழங்கால் வலியுள்ள பெரியவரோடு அந்த நெரிசலில் காரில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க நேரிடும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஏர்பிஎன்பி 2024இல் தன் விதியைத் தெளிவுபடுத்தியிருக்கிறது: புளோரிடாவில் புயல் பருவத்தில் புயல் வருவது எதிர்பார்க்கக்கூடியது, அதனால் புயல் மட்டுமே காரணமென்றால் அந்த விதியின்கீழ் பணம் திரும்பாது. கட்டாய வெளியேற்ற உத்தரவோ, பரவலான மின்வெட்டு போன்ற பெரும் தடையோ ஏற்பட்டுத் தங்க முடியாமல் போனால்தான் அந்த விதிப்படி பணம் திரும்பும். உத்தரவு வரும் முன்பே பயந்து நீங்களாக ரத்து செய்தால், அந்த வீட்டின் சாதாரண ரத்து நிபந்தனைதான் பொருந்தும். ஆகவே வீட்டு உரிமையாளரிடம் இப்போதே கேட்டு, பதிலை அந்தத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். தொலைபேசியில் சொன்னது பின்னால் உதவாது.

பதில் (காப்பீடு குறித்து):

பெற்றோருக்கு நீங்கள் எடுத்திருப்பது பெரும்பாலும் மருத்துவக் காப்பீடாக இருக்கும். விடுதிப் பணத்துக்கு அதில் இடம் இருக்காது. பயண ரத்துக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும், அதுவும் புயலுக்குப் பெயர் வைக்கும் முன்பே. பெயர் வைத்தபின் வாங்கினால் அந்தப் புயலால் வரும் இழப்பை ஏற்க மாட்டார்கள். எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம் என்ற கூடுதல் பிரிவும் உண்டு. அது பொதுவாகச் செலவில் 50 முதல் 75 விழுக்காடுவரை திருப்பித் தரும்; ஆனால் பயணத்துக்காக முதல் தொகை கட்டிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் வாங்கியிருக்க வேண்டும், பயணத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு ரத்து செய்ய வேண்டும்.

இன்னொன்று. இடைத்தரகுத் தளத்தில் முன்பணம் கட்டியிருந்தால், பணம் பெரும்பாலும் அந்தத் தளத்திடம்தான் இருக்கும். விடுதி மேலாளர் இரக்கப்பட்டாலும் அவரால் நேரடியாகத் திருப்பித் தர இயலாது. அவர் சம்மதத்தை வாங்கித் தளத்திடம் நீங்கள்தான் பேச வேண்டும். புயல் நாட்களில் அவர்களுடைய தொலைபேசி இணைப்பு கிடைப்பதே பெரும்பாடு.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. ஆர்லாண்டோவில் டிஸ்னியிடமே நேரடியாக அறை பதிவு செய்யப்போகிறோம். கீ வெஸ்டைப் பெற்றோரின் அடுத்த வருகைக்கு, மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்கிறோம். அப்பாவும் அதையே விரும்புகிறார்.