டொமைன் பதிவுத் தரவு ஆய்வு: வெளிக்குழுவுக்குத் தரும் டிஓஆரில் (பணி வரையறை ஆவணம்) என்ன எழுதுவது?

பனையோலை (கேள்வி)

வணக்கம். டிஜிட்டல் உரிமைகள் சார்ந்த சிறு அமைப்பு எங்களுடையது. ஜி.டி.பி.ஆர். (ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2018 மே 25 முதல் நடப்பில்) வந்த பிறகு டொமைன் பதிவுத் தரவில் எவ்வளவு மறைந்துவிட்டது, தெரிவது எந்த அளவுக்குச் சரி, மறைத்ததால் பதிவுதாரருக்குப் பலன் உண்டா என்று ஓர் ஆய்வை வெளிக்குழுவிடம் கொடுக்கப் போகிறோம். நான்கு மாத அவகாசம். டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க், டாட் இன்ஃபோ, கூடவே டாட் இன். வரைவு டிஓஆரில் இப்போதைக்கு ஒரே வரிதான்: "5,000 டொமைன்களின் ஹூஇஸ் தரவைத் திரட்டி அதன் துல்லியத்தை மதிப்பிடுக." (ஹூஇஸ் என்பது ஒரு டொமைனைப் பதிந்தவர் யார் என்று தேடிப் பார்க்கும் சேவை.) இது போதுமா? மாதிரி அளவு, தனியுரிமை, பணத் தவணை மூன்றுக்கும் யோசனை தேவை.

போர்ட்43

போதாது. அந்த ஒரு வரிக்குள் மூன்று ஆய்வுகள் ஒளிந்திருக்கின்றன. அதில் ஒன்றை இன்று யாராலும் வெளியிலிருந்து செய்ய முடியாது.

துல்லியத்தைத்தான் சொல்கிறேன். டொமைன் பெயர் ஏற்பாட்டை நிர்வகிக்கும் உலக அமைப்பான ஐகான் கொடுத்த வேலையாக நார்க் என்ற ஆய்வு நிறுவனம் 2010இல் தந்த வரைவு அறிக்கையில் 1,419 டொமைன்கள். முகவரிக்குக் கடிதம் போய்ச் சேருமா, அந்தப் பெயரும் முகவரியும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, கடைசியில் பதிவுதாரரையே தொடர்புகொண்டு "இது உங்கள் டொமைன்தானா" என்று கேட்டார்கள். மூன்றும் தேறியவை சுமார் 23% மட்டுமே. பெயரும் போன் எண்ணும் வெளியே தெரிந்ததால் அது நடந்தது. பின்னாளில் ஐகான் தானே நடத்திய துல்லிய அறிக்கை ஏற்பாடும் 2018இல் நின்றதற்குக் காரணம், சோதிக்கப் பொதுத் தரவு இல்லாமல் போனதுதான். இன்று வெளியே தெரியும் சொற்பத்தை மட்டும் சோதித்து "துல்லியம் இவ்வளவு" என்று சொன்னால், விரும்பிக் காட்டியவர்களைத்தான் அளந்திருப்பீர்கள். அந்த எண்ணை மொத்தப் பதிவுகளுக்கும் ஏற்ற முடியாது.

வெளியிலிருந்து அளக்க முடிந்தது எது தெரிகிறது, எது தெரியவில்லை, ஏன் தெரியவில்லை என்பது. டிஓஆரின் மையக் கேள்வியாக அதை வையுங்கள்.

"பலன் உண்டா" என்பது வேறு வகைச் சோதனை. கார்னகி மெலன் பல்கலை ஐகானுக்குச் செய்த ஹூஇஸ் துஷ்பிரயோக ஆய்வில் பதிவுதாரர் சர்வேயும் இருந்தது, புதிதாகப் பதிவு செய்த சோதனை டொமைன்களும் இருந்தன. சர்வேயில் 44% பேர் ஏதோ ஒரு தொல்லையைச் சொன்னார்கள். ஆனால் பதில் அளித்தவர்கள் மிகக் குறைவு, அந்த எண்ணைத் தனியாகத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். சோதனை டொமைன் முறைதான் நம்பகமானது. பழைய டொமைனுக்கு ஸ்பாம் வந்தால் அது இன்றைய கசிவா, 2018க்கு முன் யாரோ மொத்தமாக அள்ளி வைத்த பட்டியலா என்று பிரிக்கவே முடியாது. அதனால் டொமைனும் புதிது, அதற்கென்றே திறந்த மின்னஞ்சலும் புதிது என்று இருக்க வேண்டும். போலிப் பெயர் கொடுக்காதீர்கள். வேண்டுமென்றே தவறான தரவு கொடுத்தால் ரிஜிஸ்ட்ராருடன் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம்) உள்ள ஒப்பந்தப்படி டொமைன் முடக்கப்படலாம். அமைப்பின் உண்மையான பெயரிலேயே பதிந்து, மின்னஞ்சலை மட்டும் டொமைனுக்கு ஒன்றாக மாற்றுங்கள். ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டிய வேலை இது, நான்கு மாதத்தில் அடங்காது. இரண்டாம் கட்டமாகத் தள்ளுங்கள்.

இன்னொன்று. "ஹூஇஸ்" என்ற சொல்லை டிஓஆரிலிருந்து எடுத்துவிடுங்கள். 2025 ஜனவரி 28க்குப் பிறகு பொது டொமைன்களுக்கு (டாட் காம் போல எந்த நாட்டுக்கும் உரியதல்லாதவை) அந்தச் சேவையை நடத்தும் கட்டாயம் இல்லை. அதன் இடத்துக்கு வந்த புதிய தேடல் முறையான ஆர்.டி.ஏ.பி. என்று எழுதுங்கள்.

இரட்டைத்தாவல்

ஆர்.டி.ஏ.பி. என்று எழுதினால் மட்டும் பத்தாது. டாட் காம், டாட் நெட் ரிஜிஸ்ட்ரியிடம் (அந்த முடிவுள்ள எல்லா டொமைன்களின் பட்டியலையும் வைத்திருக்கும் நிறுவனம்) பதிவுதாரர் விவரமே கிடையாது. அங்கே கேட்டால் ரிஜிஸ்ட்ரார் பெயர், தேதிகள், நிலை, நேம் சர்வர் மட்டும் வரும். அந்தப் பதிலுக்குள் ரிஜிஸ்ட்ராரின் ஆர்.டி.ஏ.பி. முகவரிக்கு ஒரு சுட்டி இருக்கும். அதைப் பிடித்து இரண்டாம் முறை கேட்க வேண்டும். முதல் தாவலோடு நிறுத்திய குழு டாட் காம் முழுக்க "100% மறைப்பு" என்று கணக்குக் கொடுக்கும். டிஓஆரில் "இரு நிலைத் தேடல் கட்டாயம்" என்று எழுதி வையுங்கள்.

அடுத்தது, காலியான எல்லாப் புலமும் மறைப்பு அல்ல. 2025 ஆகஸ்ட் 21 முதல் நடப்பில் இருக்கும் பதிவுத் தரவுக் கொள்கையில் நிர்வாகத் தொடர்பு என்ற பகுதியே போய்விட்டது. அது இல்லாததை மறைப்பாக எண்ணினால் சதவீதம் வீங்கும். ஒவ்வொரு புலத்துக்கும் குறைந்தது நான்கு குறியீடு வேண்டும்: தெரிகிறது, மறைத்ததாகச் சர்வரே சொல்கிறது, சொல்லாமலே இல்லை, ப்ராக்ஸியின் (பதிவுதாரருக்குப் பதில் தன் பெயரைக் காட்டும் சேவை) விவரம். மறைத்ததைச் சர்வர் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு ஆர்.எஃப்.சி. 9537 என்ற இணையத் தரநிலை இருக்கிறது (2024), ஆனால் எல்லாச் சர்வரும் அதன்படி நடப்பதில்லை. பல இடங்களில் பெயர்ப் புலத்தில் "ரிடாக்டட் ஃபார் பிரைவசி" என்ற வாசகம் வெறும் எழுத்தாகவே உட்கார்ந்திருக்கும். இரண்டையும் தேட வேண்டும்.

மின்னஞ்சல் இடத்தில் வலைப்படிவத்தின் சுட்டி வந்தால் அது தனிக் குறியீடு. ஆள் தெரியவில்லை, ஆனால் தொடர்புகொள்ள வழி இருக்கிறது. தனியுரிமைக் கொள்கை பேசுகிறவர்களுக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம்.

ப்ராக்ஸியைப் பிரிக்காவிட்டால் நாட்டுக் கணக்கு கேலிக்கூத்தாகும். நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்து பட்டியலில் திடீரென மேலே ஏறி நிற்கும், ஒரு பெரிய ப்ராக்ஸி சேவையின் முகவரி ரெய்க்யவிக்கில் இருப்பதால். இன்டரைல் நிறுவனத்தின் 2021 அறிக்கையில் பரவலாகப் பேசப்பட்ட, பதிவுதாரரை அடையாளம் காண முடியாத டொமைன்கள் 86.5% என்ற எண்ணும் மறைப்பு, ப்ராக்ஸி இரண்டையும் கூட்டியது. ப்ராக்ஸி ஜி.டி.பி.ஆருக்கு முன்பே இருந்த வழக்கம்.

429 (அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்) என்ற பதில் வந்தால் நிறுத்திவிட்டு, சர்வர் சொல்லும் நேரம் காத்திருந்து மறுபடி கேட்க வேண்டும். விடுபட்டதை "தரவு இல்லை" என்று குறித்தால் கண்டிப்பான ரிஜிஸ்ட்ரார்களின் டொமைன்கள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். 700 டொமைன் ஒரே ரிஜிஸ்ட்ராரிடம் விழுந்து, 10 விநாடிக்கு ஒன்று என்று கேட்டாலும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அவசரப்பட ஒன்றுமில்லை.

பனையோலை

இரண்டு பேருக்கும் நன்றி. துல்லியத்தை எடுத்துவிடுகிறேன். அப்படியானால் 5,000 என்ற அளவு தேவையா? மாதிரியை எங்கிருந்து எடுப்பது?

சல்லடை

95% நம்பிக்கையில் ±3 வேண்டுமென்றால் 1,067, ±2 வேண்டுமென்றால் 2,401. ஆனால் ஒட்டுமொத்த எண் ஒன்றை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? டாட் ஆர்க்கில் எப்படி, டாட் இன்ஃபோவில் எப்படி என்றுதான் கேட்பீர்கள். அப்போது ஒவ்வொரு பிரிவுக்கும் ±5க்கு 385 வேண்டும். நான்கு பொது டொமைனுக்கும், 2018 மே 25க்கு முன், பின் என்று பிரித்தால் எட்டு அறைகள், 3,080. மொத்த எண் சொல்லும்போது டாட் காமின் பங்குக்கு ஏற்ப எடை போட வேண்டும், இதையும் எழுதுங்கள். 5,000க்கு டாட் காமிலிருந்து மட்டும் அள்ளிக்கொண்டு வந்தால் வேலைக்கு ஆகாது.

மாதிரிச் சட்டகத்துக்கு ஐகானின் சி.இசட்.டி.எஸ். தளம் வழியாக ஸோன் ஃபைல் (ஒரு முடிவின் கீழ் இயங்கும் டொமைன்களின் பட்டியல்) கேளுங்கள். ஒவ்வொரு ரிஜிஸ்ட்ரியும் தனித்தனியாக அனுமதி தரும், முதல் இரண்டு வாரத்தை அதற்கே ஒதுக்குங்கள். ஒரு ஓட்டை உண்டு: ஹோல்டில் வைத்த (அதாவது முடக்கிய) டொமைன் ஸோனில் இருக்காது. மின்னஞ்சலை 15 நாளுக்குள் உறுதிப்படுத்தாமல் முடங்கியவை, துஷ்பிரயோகத்துக்காக நிறுத்தியவை எல்லாம் உங்கள் மாதிரிக்கு வெளியே. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

பதிவுதாரர் நிறுவனமா தனிநபரா என்று பிரிக்கப் போகிறீர்கள் என்றால் 200 டொமைனில் முன்னோட்டம் நடத்தி, இருவர் தனித்தனியே குறியிட வேண்டும். இருவரின் குறியீடும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் காப்பா எண் 0.8க்குக் கீழே வந்தால் குறியீட்டு விதிகளைத் திருத்திவிட்டு மறுபடி செய்ய வேண்டும். நார்க் செய்த பதிவுதாரர் அடையாள ஆய்வில் 1,600 டொமைன். 39% நிறுவனம், 33% தனிநபர், 20% ப்ராக்ஸி அல்லது பிரைவசி சேவை, மீதி பிரிக்க முடியாதவை. தரவு திறந்து கிடந்த காலத்திலேயே 8% தேறவில்லை. இன்று "தெரியவில்லை" அறை பெரிதாகத்தான் வரும். அதை வேறு அறைக்குள் திணிக்க ஊகம் செய்யக் கூடாது.

டாட் இன்னுக்கு இந்த வழி உதவாது. அது நாட்டு டொமைன், ஸோன் ஃபைல் சி.இசட்.டி.எஸ்.இல் இல்லை, ஐகானின் தரவுக் கொள்கையும் அதைக் கட்டுப்படுத்தாது. வலைத்தளப் பாதுகாப்புச் சான்றிதழ்களின் பொதுப் பதிவேடுகளிலிருந்து டொமைன் பெயர் எடுக்கலாம், ஆனால் தளம் ஓடுகிறவை மட்டுமே சிக்கும். தனி இணைப்பாக வையுங்கள், ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

ஈரச்சாவி

தனியுரிமையை ஆய்வு செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஆயிரம் பேரின் போன் எண்ணை எக்செல்லில் போட்டு மெயிலில் அனுப்புவார்கள். அதைத் தடுக்கும் வரிகளை ஒப்பந்தத்திலேயே வையுங்கள்.

எதற்காக, எப்படி என்று முடிவு செய்கிறவர் நீங்கள் என்றால் ஜி.டி.பி.ஆர். பார்வையில் பொறுப்பும் உங்களுடையது. குழு உங்கள் சொல்படி நடப்பவர் என்றால் 28ஆம் பிரிவுப்படி எழுத்து ஒப்பந்தம் வேண்டும். நிறுவனத்தின் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, ஆனால் நிறுவனப் பதிவில் ஓர் ஊழியரின் பெயரோடு மின்னஞ்சல் இருந்தால் அது தனிநபர் தரவுதான். இந்தியாவிலிருந்து கையாண்டால் 2023ஆம் ஆண்டு டி.பி.டி.பி. (டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு) சட்டம் ஆராய்ச்சிக்கு விலக்கு தருகிறது. அந்தத் தரவை வைத்து குறிப்பிட்ட ஆள் மீது முடிவு எடுக்கக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. அதனால் "சந்தேகமான டொமைன்" பட்டியலை யாருக்கும் தரக் கூடாது.

போன் எண்ணை வெறும் ஹாஷ் (எண்ணிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் குறிச்சரம்) ஆக்கி "அநாமதேயம்" என்று எழுதினால் ஏற்காதீர்கள். பத்து இலக்கம் என்றால் ஆயிரம் கோடி சாத்தியம்தான், சாதாரண கிராஃபிக்ஸ் கார்டே எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுவிடும். ரகசியச் சாவியோடு ஹாஷ் செய்து, சாவியை வேறிடத்தில் வைக்க வேண்டும். உங்கள் கேள்விக்கு எண்ணே தேவையில்லை; "தெரிகிறது / தெரியவில்லை" என்ற குறியீடு போதும். மூலப் பதிலை அறிக்கை ஏற்றபின் 90 நாளில் அழிக்கச் சொல்லுங்கள்.

தவணை: முறையியல் ஆவணத்துக்கு 20%, முன்னோட்டத்துக்கு 30%, தரவும் நிரலும் ஒப்படைத்ததும் 30%, இறுதி அறிக்கைக்கு 20%. முன்னோட்டத் தொகையைக் குறைக்காதீர்கள், தப்பெல்லாம் வெளிவருவது அங்கேதான். குழுவுக்கு ரிஜிஸ்ட்ராரிடமோ வணிகச்சின்ன வழக்கறிஞர்களிடமோ வரும்படி இருந்தால் விண்ணப்பத்திலேயே சொல்ல வேண்டும். முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் வெளியிடும் உரிமை குழுவுக்கு உண்டு என்பதையும் எழுதுங்கள். இந்த வரி இல்லாவிட்டால் நல்ல குழுக்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள்.